நீலக் கோடு போட்ட மரம்

அன்புள்ள வில்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இருமல் மட்டுந்தான்.

காட்டுத்தீயில் செத்த ரெட்வுட் மரங்களுக்கு நீலக் கோடு போடுகிறோம். கோடு போட்டதை வெட்டிவிடுவார்கள். ஆயிரம் வயது மரம் ஒன்றுக்கு மேற்பார்வையாளன் டிரெவர் கோடு போட்டுவிட்டான். ஓரடி கனப் பட்டைக்குள் உயிர் இருக்கும், பொறு என்றேன்.

“பெருசு, நீ எந்தக் காலேஜ்ல படிச்ச?”

இன்று அதன் அடியில் விரல் நீளத்துக்குப் பச்சைத் துளிர். டிரெவரை இழுத்துப் போய்க் காட்டினேன்.

“வெட்டுற மரம் லிஸ்ட் அனுப்பியாச்சு, விடுய்யா.”

வெள்ளிக்கிழமை வெட்ட வருகிறார்கள். அன்று வீட்டுக்கு வருவதாகச் சொன்னேனே, முடியாது. பயப்படாதே, மரத்தடியில் சும்மா உட்காரத்தான் போகிறேன். இருமல் மருந்தோடு நம் மடக்கு நாற்காலியையும் வியாழனுக்குள் பஸ்ஸில் அனுப்பு. வேரில் உட்கார்ந்தால் இடுப்பு பிடிக்கிறது.

தபால் வண்டி வந்துவிட்டது.

லெஸ்டர்