நீ குடிக்காத தண்ணீர்

தங்கச்சி,

நேற்று கிளினிக்கில் இனிப்புநீர் வியாதிக்கு ரத்தம் பார்க்க விரலை நீட்டினேன். அந்த மலாய்க்காரப் பிள்ளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் விரலைத் துடைத்துவிட்டு, "சிக்கிட் சாஜா, மாச்சிக்" என்றாள். கொஞ்சம்தான் வலிக்குமாம். ஊசி ஏறியதுகூட எனக்குத் தெரியவில்லை. அந்த வாடை மூக்கில் ஏறியதும் நீ வந்து என் எதிரே நின்றுவிட்டாய். கையில் இடுக்கி, இடுக்கி நுனியில் எரிகிற பஞ்சு.

நீ போய் இரண்டு கல்லறைத் திருநாள் கழிந்துவிட்டது. இரண்டு தடவையும் மெழுகுவத்தி ஏற்றினேன், ஜெபம் சொன்னேன். உன்னோடு மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குப் பேசுகிறேன். மூணாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணலாகத்தான் வரும். ஏன் நின்றது என்று உனக்கே தெரியும். தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயா கொட்டகையில் விட்ட கைக்குழந்தை உனக்கு வயிற்றோட்டம் கண்டு, துணிபோல் துவண்டு போனாய். அம்மா பயந்துவிட்டாள். ரப்பர் பால்வெட்டுக்கும் போக வேண்டும், உன்னையும் கொட்டகையில் விட முடியாது. என் பள்ளிக்கூடப் பையைப் பரணில் போட்டுவிட்டு, உன்னைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். "இதையே சொல்லிக் காட்டாதக்கா" என்பாய். சொல்லிக் காட்டத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ படித்தாய். பல்கலைக்கழகம் போனாய். பொதுச் சுகாதார ஆய்வுக்கூடத்தில் அரசாங்க வேலை கிடைத்தபோது தோட்டத்துக் கோயிலில் அந்தோணியாருக்கு நான்தான் பொங்கல் வைத்தேன். "உன் தங்கச்சிக்கு என்ன வேலை?" என்று தோட்டத்து லய வீடுகளில் கேட்டால், "கிருமி பிடிக்கிற வேலை" என்பேன். சிரிப்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது.

ஒரு தடவை உன் ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனாய். கண்ணாடித் தட்டுகளை அடுக்கி ஒரு பெட்டிக்குள் வைத்திருந்தாய். பெட்டி அடைகாக்கிற கோழி மாதிரி இளஞ்சூடாக இருந்தது. "தயிருக்கு உறை ஊத்தி மூடி வைக்கிறோம்ல, அதே மாதிரிதாங்க்கா. தண்ணியில கிருமி இருந்தா மறுநாள் தட்டுல புள்ளி புள்ளியா முளைச்சிரும்" என்றாய். நம் கெடாவில் வெள்ளிக்கிழமை அரசாங்க ஆபீஸ் எல்லாம் பூட்டிக் கிடக்கும். உனக்கு மட்டும் அன்றைக்கும் வேலை. கேட்டால், "கிருமிக்கு லீவு கிடையாதுக்கா, முளைக்கிற நேரத்துல போய் எண்ணணும்" என்பாய். ஞாயிற்றுக்கிழமையோ வேலை நாள், பூசைக்கும் வர முடியாது.

அந்த நாட்களில் நீ மனம்விட்டுப் பேசுவாய். சுங்கைப் பட்டாணியில் உன் தாமான் குடியிருப்பு வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்வாய். உனக்குப் பின்னால் வந்தவர்கள் உனக்கு மேலே போய் உட்கார்ந்துவிட்டார்கள். கீழே இருப்பவர்கள் உன்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்து வாயை மூடிக்கொள்வார்கள். மேலே இருப்பவர்கள் உன்னைக் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள். "கண்டுபிடிக்கிறது நானு. கையெழுத்துப் போடுறது அவங்க. நடுவுல நிக்கிறேன்க்கா" என்றாய். பாவமாக இருந்தது. அந்த நடு என் வீட்டு வாசல்வரை வரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை நீ போன் செய்தாய். "ஞாயித்துக்கிழமை உங்க தோட்டத்துக்குத் தண்ணி எடுக்க வர்றாங்கக்கா. நானும் வர்றேன்." அவ்வளவுதான் சொன்னாய். வழக்கமாகச் சுகாதார இன்ஸ்பெக்டர்தான் வந்து பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துப் போவார், நீ ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பாய். அன்றைக்கு நீயே கேட்டு வாங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. தங்கச்சி வருகிறாள், அதுவும் அரசாங்க வேனில் வருகிறாள். எனக்கு அது போதும்.

நம் புக்கிட் செலம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் அப்போது அரசாங்கக் குழாய் கிடையாது. ஓடையிலிருந்து பம்பு போட்டு இழுத்து லயத்துப் பின்னால் மேட்டில் இருந்த தொட்டியில் நிரப்புவார்கள். பெரியவர்கள் கொதிக்க வைத்துக் குடிப்போம். பிள்ளைகள் விளையாடிவிட்டு வந்து குழாயில் வாய் வைக்கும். ஐஸ் கட்டிக்கு யார் தண்ணீரைக் கொதிக்க வைத்தார்கள்?

ஆபீசர் வருகிறார் என்றால் லயத்துப் பெண்கள் என்ன செய்வோம்? கழுவுவோம். சனிக்கிழமை முழுக்கக் கழுவினோம். தொட்டிக்குள் இறங்கி ஈர்க்குமாறால் பாசியைத் தேய்த்து எடுத்தோம். செத்த பல்லி கிடந்தது, வாரி எறிந்தோம். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் தானாகவே ஸ்டோரைத் திறந்து குளோரின் பவுடரை அள்ளிக் கொடுத்தான். கேட்ட நாளெல்லாம் இல்லை இல்லை என்றவன் அன்றைக்கு ஏன் அத்தனை தாராளமாக இருந்தான் என்று அப்போது எனக்குப் படவில்லை. பவுடரைக் கொட்டி, புதுத் தண்ணீர் நிரப்பினோம். கடைசியாக நான் அந்தப் பித்தளைக் குழாயைப் புளி போட்டுத் தேய்த்தேன். உன் கண்ணில் பளிச்சென்று படட்டும் என்று.

நீ வேனிலிருந்து இறங்கி வந்தாய். பின்னால் இன்ஸ்பெக்டர், தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி, மண்டோர். குழாயைத் திறந்ததும் உன் மூக்கு சுருங்கியது.

"யாரு தொட்டிய கழுவுனது?"

பக்கத்து வீட்டு மரியாயி முந்திக்கொண்டாள். "நாங்கதான்லா! ஆபீசர் வர்றாங்கன்னா சும்மாவா? உங்க அக்காதான் தலைவி!"

உன் முகம் செத்துப் போனது. எனக்கு அது ஆபீசர் முகமாகத் தெரிந்தது. நீ பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துப் பற்ற வைத்து, குழாயின் வாயைச் சுற்றிச் சுற்றிச் சுட்டாய். குழாய் வாயில் ஒட்டியிருக்கிற கிருமி சாக வேண்டும், உள்ளே ஓடுகிற தண்ணீரின் கதைதான் வேண்டும் என்று எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாய். மரியாயிக்கு என்ன தெரியும்? "ஏய், குழாய்க்குச் சூடம் காட்டுறாங்கடி, வந்து கும்பிட்டுக்கங்க!" என்று கத்தினாள். வேன் டிரைவர்கூடச் சிரித்தான். நீ சிரிக்கவில்லை.

தண்ணீர் பிடித்த பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து மூடிய பிறகு, நான் சிவப்பு சிரப் கலந்து, தொட்டி கழுவுவதற்கு முன்பே உறைய வைத்த ஐஸ் கட்டி போட்டு, நல்ல கிளாசில் கொண்டுவந்து நீட்டினேன்.

"டியூட்டியில இருக்கேன்க்கா."

"ஒரு வாய் குடி. வெயிலு."

"வேண்டாங்க்கா." கிளாசின் வாயை உள்ளங்கையால் மூடித் தள்ளினாய். லயம் மொத்தமும் பார்த்தது.

"தாமான் தண்ணி குடிச்ச வாயில லயத்துத் தண்ணி எறங்குமா?" என்றாள் மரியாயி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்த பல்லால் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற என் பேரன், "எனக்குப் பாட்டி" என்று அந்தக் கிளாசை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். நாலு வயதுப் பிள்ளை. நீ அவனையே பார்த்தாய். உன் கை ஒரு தடவை நீண்டது. இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். வேனில் ஏறிவிட்டாய்.

மழை பிடித்த பிறகு அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு என்றார்கள். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது என்று வயிற்றைக் கிழித்தார்கள். அந்தக் கிளாசில்தான் வந்ததா, வேறு என்றைக்கோ குழாயில் வாய் வைத்ததில் வந்ததா, எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. எனக்கு அந்தக் கிளாஸ்தான்.

ஆஸ்பத்திரிக்கு நீ வந்தாய். கட்டில் கால்மாட்டில் நின்றாய். நான் கேட்காமலே சொன்னாய்.

"மொதத் தடவை எடுத்த தண்ணியிலயே இருந்துச்சுக்கா. மலக்கிருமி. தட்டு பூரா. நான்தான் பார்த்தேன்."

"எப்ப?"

"நான் அங்க வர்றதுக்கு முன்னாடி."

மேலதிகாரி நம்பவில்லையாம். இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும் என்றாராம். எடுக்க வருகிற நாளைத் தோட்டத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்களாம். நாங்கள் கழுவிய தொட்டித் தண்ணீர் உன் தட்டில் ஒரு புள்ளியும் முளைக்காமல் சுத்தமாக வந்ததாம். அந்த இரண்டாவதற்கே அவர் கையெழுத்துப் போட்டாராம். நீ எதிர்த்துப் பேசினாயாம், பவுடர் வாடை அடித்தது என்றாயாம். "வாடையையெல்லாம் ரிப்போர்ட்டுல எழுத முடியாதுன்னுட்டாருக்கா."

"சரி, அவரு எழுதல. நீ எனக்குச் சொல்லியிருக்கலாமே? போன்ல ஒரு வார்த்தை?"

"ரிசல்ட்ட வெளிய சொல்லக் கூடாதுக்கா. அது ரூல்."

"உன் ரிசல்ட்ட யாருடி கேட்டா? 'அக்கா, பிள்ளைக்குத் தண்ணிய கொதிக்க வச்சுக் குடு.' இதச் சொல்ல எந்த ரூல்டி தடுத்துச்சு?"

நீ தலையைக் குனிந்துகொண்டாய். பிறகு சொன்னாய், இன்றுவரை என் காதில் இருக்கிறது. "உன்கிட்டச் சொன்னா லயம் பூராத் தெரிஞ்சிரும்க்கா. என் வேலை போயிரும்."

ஆமாம் தங்கச்சி. லயம் பூராத் தெரிந்திருக்கும். நான் வீடு வீடாகப் போய்க் கத்தியிருப்பேன். தொட்டியை ஒருத்தியும் தொட்டிருக்க மாட்டாள். பாசியோடு, பல்லியோடு அப்படியே வைத்திருந்து உன் கையில் கொடுத்திருப்போம். கழுவியது எங்கள் தப்பு என்று நீ சொல்லவில்லை, ஆனால் மனதில் நினைத்தாய். நான் அதை ஏற்க மாட்டேன். உன் மானம் காக்கக் கழுவினோம்.

பிறகு என்ன? ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், சொல்லாமல் கொள்ளாமல் வந்து தண்ணீர் எடுத்தார்கள். தொட்டியைப் பூட்டினார்கள். லாரியில் தண்ணீர் வந்தது, அப்புறம் அரசாங்கக் குழாய் வந்தது. உன் தட்டில் முளைத்தது அவர்களுக்குப் போதவில்லை. என் பேரன் வயிற்றில் முளைக்க வேண்டியிருந்தது.

அவன் பிழைத்தான். அதனால்தான் இந்தக் கடிதம். இல்லாவிட்டால் உனக்கு மெழுகுவத்திகூடக் கிடையாது. இப்போது தாடி முளைத்துவிட்டது, சட்டையைக் கழற்றினால் வயிற்றில் பூரான் மாதிரி தழும்பு. "சின்னப் பாட்டி நல்லவங்கதான பாட்டி" என்கிறான். அவனுக்கு என்ன, அவன் மறந்துவிட்டான்.

நான் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன். நீ லாரியில் தண்ணீர் வடிகட்டுகிற மெஷின் ஒன்று அனுப்பினாய், மரியாயிக்குக் கொடுத்துவிட்டேன். இன்னும் நன்றாக வேலை செய்கிறதாம். உனக்குக் கடைசிவரை பதவி உயர்வு வரவில்லை என்று கேள்விப்பட்டேன். சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் பாவம். வருத்தப்பட்டேன் என்று எழுதினால் பொய்.

நீ கிடையில் விழுந்த பிறகுதான் வந்தேன். உதடு காய்ந்திருந்தது. கரண்டியில் தண்ணீர் எடுத்து உன் வாயருகே கொண்டுபோனேன். நீ கண்ணைத் திறந்து, "கொதிக்க வச்சதாக்கா?" என்றாய். சாகக் கிடக்கும்போதும்!

"நல்லாக் கொதிக்க வச்சது. என்ன ஏதுன்னு நான் வாயத் திறந்து சொல்லிருவேன். நம்பிக் குடி" என்றேன். குடித்தாய். கண்ணோரம் வழிந்ததை நான் துடைக்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

உன் அடக்கத்துக்கு அந்த மேலதிகாரி வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். இவர் வேலை பார்த்த காலம் முழுக்க ஒரு ரிசல்ட்கூட இவர் வாயிலிருந்து வெளியே போனதில்லை என்று பெருமையாகச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன், அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது எங்கே போனாலும் பையில் பாட்டில் தண்ணீரோடு போகிறேன். போன வாரம் சிடாம் கிரியில் ஒரு ஞானஸ்நான விருந்து. வீட்டுக்காரப் பெண் ஐஸ் போட்ட சிரப்பை நீட்டினாள். என் கை தானாகப் போய்க் கிளாசின் வாயை மூடியது. உன் கை அது, அப்படியே உன் கை.

"ஏன் பாட்டி, எங்க வீட்டுத் தண்ணி எறங்காதா?"

"எறங்காது" என்றேன், பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. "எங்கேருந்து வருது இந்தத் தண்ணி? ஐஸ் எதுல போட்ட? கொதிக்க வச்சியா? தொட்டிய எப்பக் கழுவுனீங்க?"

"தங்கச்சிக்கிருந்த திமிரு அக்காளுக்கும்" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள். இருக்கட்டும். உன் திமிரைச் சுமக்கிறேன். உன் வாய்ப்பூட்டை உன்னோடு புதைத்துவிட்டேன்.

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. விருட்டென்று உள்ளே போனாள். போகிற வழியில் அவள் மகன் கையிலிருந்த கிளாசைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அடுப்பு பற்றுகிற சத்தம் கேட்டது. கோழி பிரியாணி பரிமாறினார்கள், வா வா என்று கூப்பிட்டார்கள். கெண்டித் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிற சத்தம் கேட்கிறவரைக்கும் நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

உன் அக்கா