ராய்ஸின் கையெழுத்துக்குக் கீழே

டில்லர்ஸ் ஃபோர்க், ஓக்லஹோமா
ஞாயிறு மாலை

அன்புள்ள மகன் லைலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். உன் வரி எதிர்ப்புச் சங்கத்து ஆபீஸ் அனுப்பிய அட்டை மேசை மேல் கிடக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அப்படி எழுத வரவில்லை.

இந்த மாவட்டத்தில் தபால்பெட்டி வைத்திருக்கும் எல்லாருக்கும் அது வந்திருக்கிறது. நம் சட்டமன்ற உறுப்பினர் ராய்ஸ் டிபெட்ஸின் படம், வாயில் பாம்பு நாக்கு. பக்கத்தில், எந்த வரியையும் உயர்த்த மாட்டேன் என்று தேர்தலுக்கு முன் அவன் போட்டுக் கொடுத்த உறுதிமொழிப் பத்திரம். அதன் கீழே, சாட்சி என்ற இடத்தில், மெர்ல் ஸ்டவுட். நான்தான். கூடவே என் பெருவிரல் கிரீஸும் நல்ல கறுப்பாக விழுந்திருக்கிறது.

அந்தப் பத்திரத்தை நம் டயர் கடைக்குக் கொண்டுவந்தவன் நீ. "சும்மா ஒரு கையெழுத்துப்பா, படிக்கவெல்லாம் வேணாம்" என்றவனும் நீ. நான் என்றைக்குப் படித்தேன், அன்றைக்குப் படிக்க? அந்தப் பழக்கத்தைப் பத்தாவதிலேயே விட்டாயிற்று. லாரியின் பானெட் மேல் வைத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அட்டை அடிக்கும்போது என் பெயரை நீ பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் அடித்தாயா? இரண்டில் எது தேவலை என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

காப்பிக் கடை நடீன் எல்லார் முன்னாலும், "என்ன மெர்லு, உனக்குக் கைநாட்டுதானா? இத்தனை வருசம் தெரியாமப் போச்சே" என்றாள். அதற்கு நானும் சிரித்தேன். பர்ல் கெட்டரிங் சிரிக்கவில்லை. "பொய்ச்சாட்சிக்காரன்கிட்ட டயர் வாங்க மாட்டேன், காத்து மட்டும் அடி" என்றான். காற்று நம் கடையில் இலவசம். நான்கு சக்கரத்துக்கும் அடித்துக்கொண்டு போனான்.

சிகரெட் பாக்கெட்டுக்கு ஒரு டாலர், டீசல் கேலனுக்கு ஆறு சென்ட், பத்திரத்தை மீறி ராய்ஸ் ஓட்டுப் போட்ட வரி இதுதான். சிகரெட் பங்கில் பாதியை நான் ஒருவனே கட்டிவிடுவேன். எனக்கும் வரி ஆகாது. உனக்கு அது என்னிடமிருந்து தொற்றிய வியாதிதான். ஆனால் இந்த வரியோடு சேர்ந்த பட்ஜெட் தோற்றால் நம் ஆஸ்பத்திரியில் முதலில் மூடுவது டயாலிசிஸ் அறையை. மொத்தம் நான்கு நாற்காலி. ஜன்னலோர நாற்காலியில் செவ்வாய், வியாழன், சனி உன் அம்மா உட்காருகிறாள். அதை விட்டால் தொண்ணூற்றிரண்டு மைல் போக வேண்டும். உன் அட்டையில் இதற்கு மட்டும் இடம் இல்லை.

சட்டமன்றத்தில் போன தடவை அந்தப் பட்ஜெட் ஒரே ஒரு ஓட்டில் தேறியது. அது ராய்ஸின் ஓட்டு. கடைசி ஓட்டெடுப்பு வியாழக்கிழமை. நேற்று அவன் கடைக்கு வந்தான், முகம் செத்துப்போய்.

"ஸ்கூல்ல என் மகளைப் பாம்புக்குட்டின்னு கூப்பிடுறாங்க, மெர்லு. வியாழக்கிழமை மாத்திப் போட்டா இதோட விட்டுடுவாங்களாம். உன் மகன்தான் போன்ல சொன்னான்" என்றான்.

சொன்னாயா, லைல்?

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "நீ கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவன் நான். ஓட்டுப் போடுறதையும் சட்டமன்றத்துல மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்து பாக்கறேன். பயமா இருந்தா நிமிர்ந்து என் மூஞ்சியப் பாரு, அது இன்னும் பயமா இருக்கும்" என்றேன். லேசாகச் சிரித்தான். என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது.

ஆக, வியாழக்கிழமை நான் தலைநகரில் இருப்பேன். அம்மாவைக் காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நான்கு மணி நேரம் கூடவே இருந்து, திரும்பக் கொண்டுவந்து விட ஆள் வேண்டும். நடீன் வருகிறேன் என்றாள். வேண்டாம், என் மகன் வருவான் என்று சொல்லிவிட்டேன்.

ஊசி குத்தும்போது அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொள். அப்போது பேச்சுக் கொடுக்காதே, அவளுக்குப் பிடிக்காது. முடிந்ததும் குளிரும், நீலப் போர்வை கார் பின் சீட்டில் இருக்கிறது.

புதன்கிழமை வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பு. இந்த மாதம் மான்கள் சாலைக்கு வருகின்றன. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
மெர்ல்