ஆறு மணி பஸ்ஸும் டர்பன் பெஞ்சும்

அண்ணே,

பேத்தி உன் தென்னாப்பிரிக்கா டர்பனிலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறாள். ரோடு போடுகிற கம்பெனியில் இன்ஜினியராகப் போயிருக்கிறாள். எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளையும் அவ்வளவு தூரம் போனதில்லை. அந்த ஊர் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் கால்மேல் கால் போட்டுச் சிரிக்கிறாள். பார்த்ததும் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே உன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

என் கல்யாணத்துக்காக அங்கிருந்து கப்பலேறி வந்தவன் நீ. நம்மவர் ஒருவர் அங்கே நடத்திய பஸ்ஸில் கண்டக்டர். கெடு முடிவதற்குள் திரும்பாவிட்டால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள், வேலையும் போய்விடும் என்று நீதான் சொன்னாய். கெடுவுக்குள் போய்ச் சேரும் கடைசிக் கப்பலுக்கு டிக்கெட்டும் வந்தாயிற்று. நம் பெரம்பலூரில் ரயில் ஏது? இன்றைக்கும் இல்லை, யாரிடம் போய்ச் சொல்ல! அரியலூரில் பத்து மணி ரயிலைப் பிடிக்க வேண்டும். முந்தின நாளே கூண்டு வண்டியில் போய்விடலாம் என்று என் வீட்டுக்காரர் கெஞ்சினார்.

“மாட்டு வண்டியா? டர்பன்ல பஸ்ஸப் பாத்துக் கடியாரத்தத் திருப்பலாம் மாப்ள. இங்கயும் போர்டுல ஆறு மணின்னு எழுதிப் போட்டிருக்கான்ல?”

ஐந்தாவது படித்த நானே அந்தப் போர்டை நம்பவில்லை. உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிய காலம். ஆறு மணி என்பது பஸ் கிளம்புகிற நேரம் இல்லை. பின்னால் இருந்த டிரம்மில் கரியைக் கொட்டி நெருப்பு வைக்கிற நேரம். ஊரில் எல்லோருக்கும் தெரியும். சொன்னால் நீ கேட்டால்தானே!

கிளீனர் விசிறியைச் சுற்றச் சுற்றப் புகைதான் வந்தது. நீ போர்டைக் காட்டிக் கத்தினாய்.

“நெருப்பு போர்டப் படிக்குங்களா சார்?” என்றான் அவன்.

கிளம்பும்போது ஏழரை. மேடு வந்த இடத்திலெல்லாம் இறங்கித் தள்ளச் சொன்னார்கள். டர்பன் கோட்டோடு நீயும் தள்ளினாய். அரியலூரில் ரயிலின் கடைசிப் பெட்டியைத்தான் பார்த்தோம். அடுத்த ரயிலில் போனால் கப்பல் கிடைக்காது. கப்பலில் நீ தின்னச் சுட்ட முறுக்குத் தூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதேன். நீ பிளாட்பாரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மரத்தைத் தடவிப் பார்த்தாய்.

“ஏ புள்ள, இங்க யாரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டாங்கல்ல?”

“உக்காரத்தானே போட்டிருக்கு? எவன் சொல்லுவான்?”

“அங்க சொல்லுவான். வெள்ளக்காரனுக்குத் தனி பெஞ்சு, தனிப் பொட்டி. ரயிலு மட்டும் நேரத்துக்கு வந்துரும்.”

சரி, அதோடு விட்டாயா? அப்புறம் கண்ணை மூடும்வரை முப்பது வருஷம் என் வீட்டிலேயே இருந்துகொண்டு, ஒவ்வொரு பஸ் தாமதத்துக்கும் “டர்பன்ல இப்படி இல்ல” என்று என் உயிரை வாங்கினாய். அது நல்ல ஊரா, கெட்ட ஊரா என்று கேட்டால், “பஸ்ஸு நல்ல பஸ்ஸு” என்பாய். இதுவா பதில்?

நேற்று போனில் பேத்தியிடம் கேட்டேன்.

“அந்த பெஞ்ச வுட்டு யாராச்சும் எந்திரிக்கச் சொன்னாங்களாடி?”

“யாரு சொல்லுவா அப்பத்தா? ரயிலுதான் நாப்பது நிமிசம் லேட்டு.”

கேட்டுக்கொள். உன் டர்பன் ரயில்!

எந்த ஊருக்குக் கிளம்பினாலும் வண்டிக்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே நான் போய்விடுகிறேன். உட்காருமுன் பெஞ்சை ஒரு தரம் தடவிப் பார்க்கிறேன். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டுமே நீ ஒட்டிவிட்டுப் போன பழக்கம்.