சத்தமே போடாத கரண்ட்

அன்புள்ள அக்காவுக்கு, அப்பா சொன்னபடியே எழுதினால் என் அருமை மூத்த மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம், அப்பாவின் வலது மணிக்கட்டு ஒன்றைத் தவிர. அங்கே நீயும் உன் இரண்டு மணிக்கட்டுகளும் நலமாக இருக்க வேண்டும் என்று அப்பா எழுதச் சொல்கிறார், மணிக்கட்டு மட்டும் நான் சேர்த்தது. அந்தக் கைக்குக் கட்டுப் போட்டிருப்பதால் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. கடிதம் என்னோடது, உன்னோடது கையெழுத்து மட்டும்தான், வாலாட்டாம சொன்னதை எழுது என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அதனால் இதில் வருகிற புத்திமதி எல்லாம் அவருடையது, மிச்சம் எல்லாம் என்னுடையது என்று வைத்துக்கொள். இதைப் போனிலேயே சொன்னால் என்ன என்று அம்மா கேட்டாள். போன்ல சொன்னா அவ சிரிப்பா, அந்தச் சிரிப்பை என்னால தாங்க முடியாது, கடிதத்தைப் படிச்சுட்டுச் சிரிச்சா எனக்குக் கேக்காதுல்ல என்றார். உடனே என் பக்கம் திரும்பி, ஏய், இதை எழுதாதே என்றார். அவர் எழுதாதே என்று சொல்வதை எல்லாம் விடாமல் எழுதுவது என்று நான் முடிவு செய்திருக்கிறேன், விஷயமே அதில்தான் இருக்கிறது. மூக்குக் கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது, அந்தக் கண்ணாடி எங்கே இருக்கிறது என்று இப்போதைக்கு எனக்கு மட்டும்தான் தெரியும்.

பழைய கதையைத் தொடாதே என்கிறார், ஆகவே தொடுகிறேன். ஊரில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிற மனிதருக்கு மூத்த மகளாகப் பிறந்துவிட்டு, நீ போய் வெயிலில் கரண்ட் எடுக்கிற ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். டீசல்ல வளர்ந்துட்டு டீசலுக்கே வேட்டு வைக்கிறியா என்று இவர் கேட்டார். நம்ம கூரை மேல பேனல் ஏறுற அன்னைக்குத்தான் நான் இந்த வாசப்படி ஏறுவேன் என்று நீ பெட்டியும் கையுமாக நின்று சொன்னாய். என் தலை மேல ஏறினாலும் ஏறும், என் கூரை மேல ஏறாது என்று இவர் சொன்னார். அதற்குப் பிறகு நீ போன் செய்யும்போதெல்லாம் சாப்பிட்டியா என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டு, சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது மாதிரி போனை அம்மாவிடம் தள்ளிவிடுவார். நீயும் வாசப்படி ஏறவில்லை, இரண்டு வருஷமாக வாசப்படி அப்படியே இருக்கிறது. சரி, இப்போது நாற்காலியைப் பிடித்துக்கொள். ஏறிவிட்டது. ஆறு பேனல், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், அப்பா படுக்கிற அறைக்கு நேர் மேலே, அதாவது கூரை மேலும் ஏறிவிட்டது, அவர் தலை மேலும் ஏறிவிட்டது. கரண்ட் பில்லைக் குறைக்கத்தான் போட்டேன், வேற எந்தக் காரணமும் கிடையாது என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். இரண்டு தரம் அடிக்கோடு போடச் சொன்னார், அதையும் போட்டுவிட்டேன்.

பேனல் மாட்ட வந்த பெண் வேலையை முடித்து, மாடிப்படிக்குக் கீழே சுவரில் வெயில் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற ஒரு இன்வர்ட்டர் பெட்டியையும், பேட்டரி இல்லாமல், பொருத்திவிட்டு, ஓடுது சார் என்றாள். எங்கே ஓடுது, ஒரு சத்தத்தையும் காணோமே என்றார் அப்பா. இது சத்தமே போடாது சார் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் அப்பாவின் நிம்மதி போயிற்று. உனக்குத்தான் தெரியுமே, அவருக்கு உலகத்தில் எல்லாமே காது வழியாகத்தான் உள்ளே போகும். தெருக்கோடியில் ஒரு வண்டி திரும்பினாலே அதற்கு ஆயில் மாற்றி எத்தனை மாசம் ஆயிற்று என்று சொல்கிற ஆள். அவள் அந்தப் பக்கம் போனதும் இவர் ஸ்க்ரூடிரைவரோடு மாடிக்குப் போய், ஜெனரேட்டர் எஞ்சினுக்கு வைப்பது மாதிரியே அதன் முனையைப் பேனல் சட்டத்தில் வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பேனலாகக் கேட்டார். என்னங்க சொல்லுது என்று கீழேயிருந்து அம்மா கேட்டாள். உன்னை மாதிரியேதான், கோவத்துல இருக்கிற மாதிரி உம்முனு இருக்கு என்றார். அன்றிலிருந்து பேனலில் பேன் பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது, கட்டம் கட்டமாகத் துடைக்கிறார். போனில் எத்தனை யூனிட் வருகிறது என்று பார்ப்பதற்கு ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், குளியலறைக்குள் போகும்போதுகூட அது கூடவே போகிறது. ஒரு மேகம் சூரியனைத் தாண்டினால் அப்பா முகமும் சேர்ந்து இருட்டுகிறது.

அவர் படுகிற பாடு பொறுக்காமல் நான் ஒரு உதவி செய்தேன். அப்பாவின் வாடகைக் கடைக்குப் போய் அந்தப் பெரிய ஜெனரேட்டர் ஓடுகிற சத்தத்தை என் பழைய போனில் பதிவு செய்து கொண்டுவந்து, இன்வர்ட்டருக்குப் பின்னால் ஒளித்துவைத்து மெதுவாக ஓட விட்டேன். அப்பா மாடிப்படி ஏறப் போனவர் நின்றார். ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டார். பாத்தியா, இப்பத்தான் இது ஒழுங்கா ஓடுது என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று மத்தியானம் பேனல் வந்த பிறகு முதல் தடவையாக அயர்ந்து தூங்கினார். போனில் சார்ஜ் தீர்ந்து சத்தம் நின்றதும் பதறி எழுந்தார், பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார், பிறகு என்னைப் பார்த்தார். ஓடுவதற்குச் செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். ஆனால் அவர் அடிக்க வரவில்லை. சார்ஜ் போட்டு வை, தினமும் வேண்டாம், மனசு சரியில்லாத அன்னைக்கு மட்டும் கொஞ்ச நேரம் போடு என்றார். இதையும் எழுத வேண்டாமாம்.

அம்மாவின் நிலைமையும் கேள். பகலில் வருகிற கரண்டைப் பகலிலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது அப்பாவின் சட்டம், ஆகவே உச்சி வெயிலில் வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார், அயர்ன் பாக்ஸ் எல்லாம் ஒன்றாக ஓடுகின்றன. மீந்தது வெளிக் கம்பிக்குப் போய்விடுகிறதே என்ற துக்கத்தில் தேய்த்த சட்டையையே அப்பா திரும்பத் தேய்க்கிறார். போனா போகட்டும், நாலு பேருக்கு உதவும் என்று அம்மா சொன்ன பிறகு மனசு மாறி, எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய், இப்ப உங்க மெஷின்ல ஓடுறது என் வெயிலுதான் தெரியும்ல என்று பெருமை அடித்தார். அப்ப ஊசி உடைஞ்சா உங்ககிட்டதான் வரணுமாண்ணே என்றார் அவர். பேனல் சுற்றுவட்டார வெயிலை எல்லாம் இழுத்துவிடும், உங்கள் கொடியில் துணி காயாது என்று நான் ஏற்கெனவே அவரிடம் சொல்லி வைத்திருந்தேன், அந்த மனிதர் இரண்டு நாளாகத் துணியை நம் வீட்டைப் பார்த்த சுவரிலிருந்து தள்ளித்தான் காயப்போடுகிறார்.

இனிமேல்தான் முக்கியமான இடம். இனி நம்ம வீட்டில் கரண்ட் என்ற ஒன்று போகவே போகாது என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். போன வாரம் பட்டப்பகலில் தெருவுக்கே கரண்ட் போயிற்று. வாங்க, என் வீட்டை வந்து பாருங்க என்று தையல்காரரையும் இன்னும் நாலு பேரையும் அழைத்துக்கொண்டு வந்து அப்பா மின்விசிறி சுவிட்சைப் போட்டார். சுற்றவில்லை. விளக்கைப் போட்டார், எரியவில்லை. மேலே கண் கூசுகிற வெயில், கீழே மொத்த வீடும் செத்துக் கிடக்கிறது. என்னண்ணே, சூரியனுக்கும் பில்லு கட்ட மறந்துட்டீங்களா என்றார் தையல்காரர். கரண்டும் போயிற்று, கவுரவமும் போயிற்று. அப்பா நேராகக் கடைக்குப் போய் அந்தச் சின்ன ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திக் கயிற்றை இழுத்தார். எத்தனை வருஷமாக இழுக்கிற கயிறு. கோபத்தில் பாதி இழுப்பில் கை தளர்ந்ததும் அது வெடுக்கென்று திருப்பி இழுத்துவிட்டது, மணிக்கட்டு பிசகிக்கொண்டது. கூரை மேல வேற ஆளை ஏத்தினது அதுக்கும் தெரிஞ்சு போச்சு போல, வச்சு வாங்கிடுச்சு என்றாள் அம்மா. கட்டுப் போடத் துணி எடுத்து வந்தபோதும் சிரிப்பை அடக்க முடியாமல்தான் வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனைக் கம்பத்தின் உச்சியிலிருந்து லைன்மேன் கத்தினார், அண்ணே, அதை வீட்டு லைன்ல கொடுத்துடாதீங்க, நான் இன்னும் கீழே இறங்கலை. அப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எனக்கே சொல்றியா, வீட்டை வெளி லைன்லேர்ந்து பிரிக்கிற சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாம நான் இதுவரைக்கும் ஒரு வீட்டுக்காவது ஜெனரேட்டர் கொடுத்திருக்கேனா, நம்ம கரண்ட் வெளிக் கம்பியில ஏறினா மேல நிக்கிறவன் என்ன ஆவான்னு எனக்குத் தெரியாதா என்று பதிலுக்குக் கத்திக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். கம்பத்தைப் பார்த்தார். மாடிப்படிக்குக் கீழே இருந்த பெட்டியைப் பார்த்தார். அது கெட்டுப்போகலைடி, கம்பத்துல ஆள் இருப்பான்னு அதுவாவே நிறுத்திக்கிச்சு என்றார் அம்மாவிடம், பாதிக் குரலில். வலிக்கிற கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார். லைன்மேன் இறங்கி, தெருவுக்குக் கரண்ட் வந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டிக்குள் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இது பேசுதுடி, பேச வேண்டிய இடத்துல மட்டும் பேசுது என்றார்.

பிறகு அம்மாவிடம் சொன்னார், பெரியவ அன்னைக்கே சொன்னா, வெளிக் கரண்ட் போனா பேனலும் நின்னுடும், தனியா பேட்டரி வச்சு, வீட்டை லைன்லேர்ந்து பிரிச்சு விடுறதுக்குச் சுவிட்சும் வைக்கணும்னு சொன்னா, ஜெனரேட்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, எனக்குக் கேக்கல. அன்றைக்கு ஒரு ஜெனரேட்டரும் ஓடவில்லை அக்கா, அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அன்றைக்கு நம் வீட்டில் ஓடிய ஒரே எஞ்சின் அப்பாதான்.

இப்போது அவருக்கு உன்னிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வந்து குவிந்திருக்கின்றன. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் காகிதம் மாதிரி மெல்லிசாக ஒரு தகடு செய்கிறீர்கள், ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினால்கூடக் கரண்ட் கொடுக்கும் என்று நீ அம்மாவிடம் போனில் சொன்னாயே, அதைக் கதவுக்குப் பின்னால் நின்று ஒரு எழுத்து விடாமல் கேட்டிருக்கிறார். அது எப்போது கடைக்கு வரும், என் ஜெனரேட்டர் என் தலைமுடி கொட்டின பிறகும் ஓடுது, உன் காகிதம் எத்தனை மழை தாங்கும் என்று கேட்கச் சொல்கிறார். தாங்கும் என்றால் அவரிடம் ஒரு யோசனை இருக்கிறதாம், விசேஷ வீட்டுக் கூடாரத் துணியிலேயே அதைத் தைத்துவிட்டால் கூடாரமே கரண்ட் எடுக்கும், தையல்காரருக்கும் வேலை, அவர் வாயும் கொஞ்சம் மூடும். அதுவரைக்கும் ஜெனரேட்டருக்குப் பதிலாகச் சக்கரம் வைத்த பேட்டரிப் பெட்டியை வாடகைக்கு விடலாமா, மேடையில் பேசுகிறவர் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்காதே என்கிறார். சத்தமே இல்லாவிட்டால் மேடையில் என்ன பேசுகிறார்கள் என்பது எல்லோருக்கும் கேட்டுவிடுமே, தொழில் படுத்துவிடாதா என்று நான் கேட்டேன், குட்டு விழுந்தது, இடது கையால் என்பதால் வலிக்கவில்லை. இன்வர்ட்டருக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு இடத்தைத் துடைத்து, சாக்பீஸால் கட்டம் போட்டு, பேட்டரிக்கு என்று விட்டு வைத்திருக்கிறார். மாட்ட வந்த பெண்ணே அதையும் மாட்டித் தருகிறேன் என்றாள். வேண்டாம், அதுக்கு ஆள் இருக்கு என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஆள் யார் என்று நான் கேட்டதற்கு, வெயில் தலையில் ஏறிவிடும், கீழே போ என்றார். நாங்கள் இருவரும் கீழேதான் நின்றிருந்தோம்.

அம்மா சொல்லச் சொன்னவை: ஆராய்ச்சிக்கூடத்தில் வெயிலைப் பார்த்தால் போதாது, ஞாயிற்றுக்கிழமையாவது வெளியே வந்து நிஜ வெயிலில் நில். தலையைத் துவட்டாமல் தூங்காதே. அனுப்பின போர்வையைப் பத்திரமாக எடுத்து வைக்காமல் போர்த்திக்கொள். அப்பா சொல்லச் சொன்னது, வேலை செய்கிற இடத்தில் சேஞ்ச் ஓவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கை வை. நீ நீண்ட நாள் நல்லா இருக்கணும், உன் வெளிச்சம் நாலு வீட்டில் எரியணும் என்று இருவரும் ஆசீர்வாதம் சொல்கிறார்கள். பதில் போட மறக்காதே, பேட்டரி எது வாங்குவது என்பதை மட்டும் எழுதினால் போதும் என்கிறார் அப்பா.

இந்த இடத்தில் கடிதத்தை மடிக்கத்தான் போனேன். அதற்குள் அம்மா துணி மடிக்கும்போது என் தலையணை உறையிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் கண்டுபிடித்துவிட்டாள். அப்பா மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து படித்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கதவோரம் நின்றேன். எழுதாதே என்று சொன்ன இடம் ஒவ்வொன்றிலும் ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்தார், மறுபடியும் குனிந்தார். முடித்துவிட்டுப் பேனாவைக் கேட்டார். மேலே ஒரு வரி கோணல்மாணலாக அடித்திருக்கிறதே, இரண்டு அடிக்கோடு போட்ட அந்தக் கரண்ட் பில் வரி, அது நான் அடித்தது இல்லை. இதற்குக் கீழே தனியாக நிற்கிற ஒற்றை எழுத்தும் என் கையெழுத்து இல்லை. இடது கையால் அதை எழுதுவதற்கு அவருக்கு இவ்வளவு நேரம் ஆயிற்று.

வா

இப்படிக்கு,
உன் அப்பா