வலப்பக்க நாற்காலி

வூஹான்,
ஜூன் 12

அன்புள்ள லுவோவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்தால், "கடையில கூட்டம், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. உரும்சியில் உன் அண்ணனின் நூடுல்ஸ் கடை நன்றாக நடப்பதில் சந்தோஷம்தான். ஆனால் மூன்று மாதம் என்று போனவனுக்கு இது ஐந்தாவது மாதம்.

நீ போன மறுநாளே தொழிற்சாலையில் நம் மேசை கெட்டுவிட்டது. இரண்டு கண்ணாடி இழைகளை முறுக்கி, சுடரில் உருக்கி இழுத்தால் ஒளி சரிபாதியாகப் பிரிய வேண்டுமே? நூற்றுக்கு நாற்பது கழிவு. வாயுவைக் குறைத்தேன், இழுக்கும் வேகத்தைக் கூட்டினேன், சுடரை அரை மில்லிமீட்டர் ஏற்றி இறக்கினேன். இரண்டு நோட்டு தீர்ந்ததுதான் மிச்சம். மேற்பார்வையாளர் பெங் எல்லார் முன்னாலும், "என்னக்கா, மெஷினுக்கும் வீட்டுக்காரர் ஏக்கமா?" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய் அழுதேன்.

போன வாரம் பக்கத்து மேசை ஷியாவ்யென் உன் நாற்காலியில் உட்கார்ந்து மாமியார் கதை பேசினாள். அந்த அரைமணியில் இழுத்த ஐந்தும் அப்பழுக்கில்லாமல் வந்தன. அவள் எழுந்து போனாள், அடுத்தது வீண். அப்போதுதான் எனக்கு உறைத்தது. குளிர்காற்றுக் குழாய் உன் நாற்காலிக்குப் பின்னால், வலப்பக்கம்தானே இருக்கிறது! ஒன்பது வருடமாக, சுடரை அசைக்கும் அந்தக் காற்றை உன் முதுகு வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. முதுகு வலிக்கிறது என்று நீ முனகும்போதெல்லாம், வேலைக்கு டிமிக்கி என்று கிண்டல் செய்தேன். மன்னித்துவிடு.

நாற்காலியில் ஒரு பிளாஸ்டிக் பலகையை நிறுத்தினேன். இப்போது நூற்றுக்கு மூன்றுதான் கழிவு. பெங் காலடி கேட்டால் அதை மேசைக்கடியில் தள்ளிவிடுகிறேன். அவன் விடவில்லை. "என்ன மாத்தினீங்கன்னு முப்பதாம் தேதிக்குள்ள எழுதிக் குடுங்க. இல்லேன்னா மேசையை வேற ஆளுக்குத் தந்துடுவேன்" என்கிறான். எழுதிக் கொடுத்தால் உன் நாற்காலி இருக்கும் இடத்தில் தகரம் அடித்து மாட்டிவிட்டு, இங்கே ஒரு ஆள் போதும் என்பான். உனக்காக வைத்திருக்கும் இடம் அத்தோடு போய்விடும்.

அவன் தந்த படிவத்தில் வாயு, வேகம், உயரம் எல்லாம் நிரப்பிவிட்டேன். மறைப்பின் அகலம் மட்டும் பாக்கி. நீ விட்டுப்போன குளிர்ச்சட்டையைக் கட்டிலில் விரித்து அதன் முதுகை அளந்தேன். நாற்பத்தாறு சென்டிமீட்டர். அந்த எண்ணை எழுதக் கை வரவில்லை.

முப்பதாம் தேதிக்குள் வந்துவிடு. இல்லையென்றால், வரமாட்டேன் என்பதையாவது உன் கையால் எழுதி அனுப்பு. அதற்குப் பிறகு அந்த எண்ணைப் பெங்கிடம் எழுதிக் கொடுக்கிறேன்.

அங்கே காற்று பலமாக அடிக்குமாமே. வாசல் பக்கம் முதுகு காட்டி உட்காராதே.

உன்,
ஹுய்சென்