சப்பாத்தில்லாமல் நிற்கும் பெண்

மொன்றியல்
17.04.2005

அன்பு மகன் தனுஜனுக்கு,

அம்மா, அப்பா, வித்தியா மூவரும் சுகம், பனியும் ஒருவழியாகக் கரைந்துவிட்டது. லண்டன் ஈரத்தில் உன்னுடைய இளைப்பு எழும்பாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் எல்லோருடைய மன்றாட்டம். கடிதம் வித்தியாவின் எழுத்தில் இருக்கிறதே என்று பயந்துவிடாதே. என்னுடைய வலது கை விறைப்புக்கு ஒப்பரேஷன் செய்து கட்டுப் போட்டிருக்கிறார்கள். பகலெல்லாம் தையல் மெஷின், மிச்ச நேரமெல்லாம் பேனை, அந்தக் கையும் எத்தனை நாளைக்குத்தான் தாங்கும். நான் சொல்லச் சொல்ல வித்தியா நல்ல தமிழாக்கி எழுதுகிறாள், பத்திரிகைத் தொடர்கதையையும் இப்போது அப்படித்தான் எழுதுகிறோம்.

நீ தொலைபேசியில் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ரிசீவரை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். கோபத்தில் அல்ல, யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்துவிட்டேன். ஆவணியில் உன் கலியாணம் முடியும் வரை தொடர்கதையை நிறுத்தி வைக்கட்டாம் என்று பெண்வீட்டார் கேட்கிறார்கள், நாலு மாதந்தானே அம்மா என்றாய். நிறுத்த மாட்டேன்.

உன் வருங்கால மாமனார் ஞானேந்திரனுக்கு அவருடைய அக்கா புஷ்பவதி இங்கிருந்து என்ன சொன்னாரோ தெரியாது, நடந்தது இதுதான். என் கதையில் ஒரு பெண் கலியாணம் செய்து ஸ்பொன்சரில் மொன்றியலுக்கு வருகிறாள், அவள் வெளியே போய்விடக் கூடாது என்று மாமியார் அவளுடைய பனிச் சப்பாத்தை ஒளித்து வைக்கிறாள். அது மெஷினுக்கு முன்னால் இருந்து நான் கட்டிய கற்பனை. ரொறொன்ரோவிலிருந்து பத்திரிகை வந்த வெள்ளிக்கிழமை நான் செயின்ட்-மிஷேல் தமிழ்க் கடையில் மீனுக்கு நிற்க, புஷ்பவதி நேரே வந்து, "என்ரை வீட்டுக் கதையை உனக்கு ஆர் சொன்னது? மருமோள் வழுக்கி விழுந்திடுவாள் எண்டுதானே சப்பாத்தை எடுத்து வைச்சனான்!" என்று சத்தம் போட்டார். அதுவரை அந்த வீட்டுச் சங்கதி எனக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. மீன் வெட்டுகிற சிவராசா கத்தியை வைத்துவிட்டு, "அட, கதையிலை வாறது நீங்களோ அக்கா? நான் வேறை ஆரோ எண்டெல்லோ நினைச்சன்" என்றான். வீட்டுக்கு நான் மீனோடு வந்து சேர முன்னமே கதை மொன்றியல் முழுக்கப் போய்விட்டது. நான் எழுதியதற்கு நான் பொறுப்பு, அவர் கடைக்குள் நின்று கத்தியதற்கும் நானா பொறுப்பு?

அதிலிருந்து எங்களை ஒரு சாமத்தியவீடு, பிறந்தநாளுக்கும் கூப்பிடுவதில்லை. கோயிலில் நான் போய் இருந்தால் பக்கத்தில் கதைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்பா மட்டும் ரெஸ்ரோரன்ட் வேலையால் வந்து, "எழுதிறதை எழுது, ஆனா டவுன்டவுனிலை கோப்பை கழுவிற ஒருத்தனைக் கதையிலை கண்டனெண்டால் நான் இந்த வீட்டிலை சாப்பிட மாட்டன்" என்கிறார். சொல்லிவிட்டு இரண்டாம் முறையும் சோறு போடச் சொல்கிறார்.

உங்களுக்கு எங்களைவிட எழுத்துத்தான் பெரிசு, பள்ளிக்கூடத்தாலை வந்தால் சாப்பிட ஒவ்வொரு நாளும் பாணும் சம்பலும்தானே என்று சொன்னாய். பாணும் சம்பலும் உண்மை. பெற்றோர் கூட்டத்துக்கு நான் வராததும் உண்மை, மறுக்க மாட்டேன். அப்பா இரண்டு இடத்தில் வேலை செய்து உன் முகத்தையே காணாமல் இருந்தபோது, பாவம் அப்பா உழைக்கிறார் என்றாய். நான் ஒன்றே ஒன்றை எனக்கென்று வைத்திருந்தேன், அது மட்டும் குற்றமாகிவிட்டது. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை மகன், உன்னிடமும்கூட.

போன கிழமை மெட்ரோவில் முன்பின் தெரியாத ஒரு பெண் குழந்தையோடு வந்து பக்கத்தில் இருந்தாள். பத்திரிகையில் என் படத்தைப் பார்த்திருக்கிறாள். "அன்ரி, அந்தப் பிள்ளை வெளியிலை போவாளோ?" என்று மெல்லக் கேட்டாள். போவாள் என்றேன். "எப்ப?" என்றாள். கதை படிக்கிறவர்கள் கேட்கிற மாதிரி அவள் கேட்கவில்லை. நான் பெயரைக் கேட்க முன்னமே இறங்கிப் போய்விட்டாள். என் கதையில் அந்தப் பெண் இப்போது வெறுங்காலோடு கதவடியில் நிற்கிறாள். அவளை நாலு மாதம் அப்படியே நிற்க விட்டுவிட்டு நான் லண்டனுக்கு வந்து பட்டுச் சேலையோடு பன்னீர் தெளிக்க வேண்டுமோ?

அண்ணை, அம்மா கறியைப் பார்க்கக் குசினிக்குப் போய்விட்டார், அதற்குள் வித்தியா நான் எழுதுகிறேன். அம்மாவின் பெருவிரலுக்கு இன்னும் உணர்ச்சி வரவில்லை. வராமலே போகலாம் என்று டொக்டர் பிரெஞ்சில் சொன்னதை நான்தான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா, சொல்லச் சொல்ல எழுத ஆள் இருந்தால் போதுந்தானே என்று கேட்டார். டொக்டர் நான் மொழிபெயர்ப்பேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அம்மா பார்த்தது என்னை. நான் ஓம் என்றேன். இன்னொன்று, உங்கள் கலியாணத்துக்குக் கட்டப்போகிற சேலைக்கு அம்மா ஒற்றைக் கையால் ரவிக்கை வெட்டப் பார்த்து, துணி கோணலாகி, அந்தத் துணிக்கு மேலே குனிந்திருந்து அழுதார். வர விருப்பமில்லாதவர் அப்படி அழ மாட்டார்.

வித்தியா எழுதியதை வாசித்தேன். ரவிக்கைக் கதையை எடுத்துவிடு என்றேன், மாட்டேன் என்கிறாள். அவளை எடுக்கச் சொல்ல இனி எனக்கு எந்த வாய் இருக்கிறது, கிடக்கட்டும். அடுத்த அத்தியாயத்தை நேற்றே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். கதையில் அந்தப் பெண் மாமியாருடைய சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள். புஷ்பவதிக்கு இதைப் பற்றியும் கேட்க விருப்பமென்றால் கடைக்கு வரட்டும்.

வரச் சொன்னால் நாங்கள் மூவரும் வருவோம், வேண்டாமென்றால் இங்கிருந்தே வாழ்த்துவோம், அதில் உனக்குச் சங்கடம் வேண்டாம். ஆனால் இதுவரை நீ எனக்குச் சொன்னதெல்லாம் ஞானேந்திரன் சொன்னது. நீ கட்டப்போகிற அனுஷா என்ன நினைக்கிறாள் என்று ஒருதரம் நீயே அவளிடம் கேள். தகப்பன் பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேள். இளைப்பு மருந்தை எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திரு. முருகன் உங்கள் இருவருக்கும் நல்ல வழி காட்டட்டும், நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழுங்கள். கையொப்பத்தை மட்டும் நான் இடது கையால் போடுகிறேன், கோணலாகத்தான் இருக்கும், வாசிக்கலாம்.

என்றும் உன் அம்மா,
சிவநேசம் விமலநாதன்