வெள்ளிக்கிழமைக்குள் நீ சொல்ல வேண்டிய பதில்

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே நானும் நம் மகளும் நலம். நீ நலமில்லை என்பது உன் கடிதத்தின் முதல் பத்தியிலேயே தெரிந்துவிட்டது. அதனால் விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன்னை டீம் லீடர் ஆக்குகிறார்கள். அதற்கு நீ வேலைக்காகப் போயிருக்கும் அந்த ஊரிலேயே இன்னும் ஆறு மாதம் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலையை முடித்துக் கொடுக்க வேண்டிய தேதியை இரண்டு முறை தவறவிட்ட குழுவை நடத்த எனக்குத் தகுதி இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பி வரவா என்று கேட்டிருக்கிறாய். கேள்வியே தப்பு. அந்தத் தேதிகள் தவறியபோது லீடர் வேறு ஆள்.

முதலில் வேலையைப் பற்றி. உன் ஆட்கள் தினமும் "தொண்ணூறு சதவீதம் முடிஞ்சிருச்சு" என்கிறார்களாம். இனிமேல் அந்தச் சதவீதத்தைக் காதில் வாங்காதே. சோதித்துப் பார்க்கிற டெஸ்டர் கையில் கொடுத்தாயிற்றா, இல்லையா, அதை மட்டும் கேள். ஒரு வேலை இரண்டு நாளுக்கு மேல் இழுத்தால் உடைத்துக் கொடு. தேதி தள்ளிப்போகும் என்று சந்தேகம் வந்த அன்றே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடு. எதை இப்போது தரலாம், எதை அப்புறம் தரலாம் என்று கையோடு கேட்டும் விடு. முந்தின நாள் சொன்னால் திட்டுவார்கள். மூன்று வாரம் முன்னால் சொன்னால் முணுமுணுப்பார்கள். முணுமுணுப்பு எவ்வளவோ தேவலை. முக்கியமாக, மற்றவர்கள் சொதப்பியதை நீயே உட்கார்ந்து திருத்தாதே. இதை நான் சொல்வது உனக்குச் சிரிப்பாக இருக்கும். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

போன மாதம் மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டம். "பிள்ளை நல்லாத்தான் படிக்குது, ஆனா பக்கத்துல இருக்கிற பிள்ளைங்க கணக்கையும் இதுவே போட்டுக் குடுத்துருது" என்றார் ஆசிரியை. என் பிள்ளைதான், சந்தேகமில்லை. அங்கே போனை அணைத்து வைத்திருந்தேன். அன்றைக்குத்தான் எங்கள் மென்பொருளின் புதுப் பதிப்பு ரிலீஸ். அதன் கடைசிக் கட்டத்தை எப்போதும் நான்தான் செய்வேன். பத்து நிமிட வேலை; யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. ஆபீசுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தால் குழுவில் ஏழு பேரும் இரண்டு மணி நேரமாக நாற்காலியைச் சுழற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். "சாவிய யார்கிட்டயாவது குடுத்துட்டுப் போயிருக்கலாம்ல" என்று மேலாளர் கடுகடுத்தார். எங்கள் டெஸ்டர் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அண்ணன்கிட்ட சாவி இல்ல சார், அண்ணனேதான் சாவி. அவரை யாரு பாக்கெட்ல போட்டு வச்சுக்கிறது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் அந்தப் பத்து நிமிட வேலையை எழுதிப் பார்த்தேன். பதினேழு படிகள். அதில் ஐந்து என் தலைக்குள் மட்டுமே இருந்தவை. இந்த வாரம் ரிலீஸை, குழுவுக்குப் புதிதாக வந்த பெண்ணிடம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். கீபோர்டைப் பிடுங்கிவிடாமல் இருக்க இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டாவது படியில், "தப்பாயிருச்சுண்ணா, நீங்க பாருங்க" என்று நாற்காலியை நகர்த்தினாள். என்ன செய்யலாம் என்று நீயே சொல் என்றேன். யோசித்துச் சொன்னாள். சரியாகவே சொன்னாள்.

அவள் நாற்காலியை நகர்த்தியதைப் பார்த்தபோதுதான் பழசு ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நாம் ஒரே குழுவில் இருந்த இரண்டு வருடம். நீ எதிலாவது திணறினால், "தள்ளு" என்று சொல்லி உன் நாற்காலியில் உட்கார்ந்து நானே முடித்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். காதலும் கொஞ்சம் கலந்திருந்தது, மறுக்கவில்லை. ஆனால் உன் வருடாந்திர மதிப்பீட்டில், தனியாக ஒரு வேலையை முடித்துப் பழக்கமில்லை என்று எழுதினார்கள். உனக்கு வரவேண்டிய பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போயிற்று. இதை நீ ஒரு தடவைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. வாயாடி இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இப்போது 'எனக்குத் தகுதி இல்லை' என்று எழுதியிருக்கிறாயே, அது உன் கையெழுத்தில் இருந்தாலும் என் குரல். அதை நம்பாதே. தப்பு என்னுடையது. இதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாளாகிவிட்டது.

வீட்டைப் பற்றிய கவலையை விடு. வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது. மெக்கானிக் உள்ளேயிருந்து மகளின் சாக்ஸ் ஒன்றை வெளியே எடுத்தார். உன் அம்மா பதினைந்து நாளுக்கு ஒரு முறை வந்து, நான் மடித்து வைத்த துணியையெல்லாம் பிரித்து மறுபடி மடித்துவிட்டுப் போகிறார். "மாப்பிள்ளை பரவாயில்ல, நல்லாத்தான் பாத்துக்கிறாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னாராம். என்னிடம் சொல்வதில்லை. மகள் உன்னைக் கேட்கிறாள்; அழுவதில்லை. ஆறு மாதம் என்றால் எத்தனை சனிக்கிழமை என்று கேட்டாள். இருபத்தாறு என்றேன். "அவ்ளோதானா" என்று விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்த எண் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது.

ஆகவே, சரி என்று சொல்லிவிடு. சொன்னதும் முதல் போன் உன் அம்மாவுக்கு. அப்புறம் மாலை ஐந்து மணிக்கு என்னைக் கூப்பிடு. அந்த நேரம் மகள் விளையாடப் போயிருப்பாள், வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். எல்லாவற்றையும் விவரமாகச் சொல். எவ்வளவு நேரமானாலும் சரி, நான் குறுக்கே பேசமாட்டேன்.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும்.

உன்,
அவசரக்குடுக்கை